கொடையும் கட்டளையும்: உணவுச்சாலைச் சேவைக் கட்டணம் பற்றிய ஒரு சொல்லாய்வு

உணவுச்சாலையில் உண்டெழுந்தோர் பரிமாறியவர்க்கு விலையின்மேல் அளிக்கும் சிறுகாசும், அக்காசினையே விலைச்சீட்டில் ஏற்றிக் கேளாமலே கொள்ளும் சேவைக் கட்டணமும் ஒரு தமிழ்த்துறை ஆராய்ச்சிக்கு உரிய பொருளாகுமோ எனச் சிலர் வினவக்கூடும். ஒருவர் மற்றொருவர்க்குக் கொடுக்குங்கால் இருவரிடையே நிற்கும் உறவு யாது என்பதைத் தமிழ் இலக்கணம் மிகப் பழங்காலத்திலேயே எண்ணிப் பார்த்துள்ளது. ஆதலின் இப்பொருளுக்கு நம் துறையில் இடம் உண்டு என்பதே என் கருத்து.

இவ்வாய்வுக்குத் தூண்டுகோலாக அமைந்தது யான் வாழும் ஊரில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி. சென்னைக்குத் தெற்கே, மேடவாக்கம் நெடுஞ்சாலையும் மக்கள் இருநூறடிச் சாலை என வழங்கும் பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலையும் கூடும் இடத்தில் உள்ளது கீழ்க்கட்டளை. அப்பக்கத்து உணவுச்சாலை ஒன்றில் குடும்பத்துடன் உண்டேன். அதன் பெயர் ஈண்டு வேண்டுவதின்று. விலைச்சீட்டில் உணவின் விலை 800 ரூபாய். அதன்கீழ்ச் சேவைக் கட்டணம் நூற்றுக்குப் பத்து வீதம் 80 ரூபாய். இரண்டும் சேர்ந்த 880 ரூபாயின்மேல் நூற்றுக்கு ஐந்து வீதம் சரக்கு சேவை வரி 44 ரூபாய். ஆக 924 ரூபாய். சேவைக் கட்டணம் இல்லையாயின் 840 ரூபாயே ஆகும். பரிமாறியவர் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர். தமிழ் நன்றாகவே பேசினார். “இந்த எண்பது ரூபாய் உங்களுக்குத்தானே, தம்பி?” என்று வினவினேன். “அது எங்களுக்கு வராது சார்” என்றார்.

வீடு திரும்பும் வழியில் ஊர்ப்பெயரே என்னைச் சிந்திக்க வைத்தது. கட்டளை என்னும் சொல் ஆணையையும் குறிக்கும். கோயிலில் குறித்ததொரு பணி நடத்தற்கு ஒருவர் எழுதிவைக்கும் அறக்கொடையையும் குறிக்கும். அன்னக்கட்டளை, அருச்சனைக் கட்டளை என்னும் வழக்குகளை அறியாதார் இலர். ஒன்றற்கொன்று முரணாகத் தோன்றும் இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் பொருந்தியது எவ்வாறு? கொடுப்பவன் தன் விருப்பால் கொடுக்கிறான். கொடுத்தபின் அவன் விருப்பம் கொண்டவர்க்கு ஆணையாகி நிற்கிறது. கோயிற் கட்டளையில் கொடுப்போன் சொல் கொள்வோனைக் கட்டும். சேவைக் கட்டணத்திலோ கொள்வோன் சொல் கொடுப்போனைக் கட்டுகின்றது. பெயர் மட்டும் கொடையின் சாயலுடையதாய் இருக்கின்றது.

இனித் தொல்காப்பியத்தை நோக்குவாம். எச்சவியலில் ஆசிரியர் ஈ, தா, கொடு என்னும் மூன்றனையும் இரத்தற்பொருளில் வரும் சொற்களாகத் தொகுத்து, ஈ என்பது இழிந்தோன் கூற்று எனவும், தா என்பது ஒப்போன் கூற்று எனவும், கொடு என்பது உயர்ந்தோன் கூற்று எனவும் வரையறுக்கின்றார். இம்மட்டில் மாணவர் பலரும் அறிவர். அதனையடுத்த விதியே நம் பொருளுக்கு இன்றியமையாதது. கொடு என்பது கிளவியாக்கத்து விதிப்படி படர்க்கைக்கு உரியது. மூன்றாமவன் ஒருவனுக்குக் கொடுத்தலைக் குறிப்பது. அங்ஙனமாயின் உயர்ந்தோன் தனக்கு வேண்டியதைக் ‘கொடு’ என்று கேட்டல் பொருந்துமோ? தன்னையே பிறன்போலக் கூறும் குறிப்பில் அது தன்னிடத்தும் இயலும் என்று ஆசிரியர் வழுவமைதி கூறுகின்றார்.

சேவைக் கட்டணத்தின் இலக்கணம் இதனினும் தெளிவாக யாண்டும் சொல்லப்பட்டிலது. உணவுச்சாலை உடையார் உண்டவரை நோக்கிக் ‘கொடு’ என்கிறார். பரிமாறியவனாகிய படர்க்கையானுக்கு என்பது வெளிப்பொருள். காசு சென்று சேரும் இடமோ, கீழ்க்கட்டளை இளைஞர் சொல்லின்படி, கேட்டவரின் பெட்டியே. தன்னைப் பிறன்போற் கூறும் குறிப்பு என்பதற்கு உரையாசிரியர் காலத்தில் கிட்டாத உதாரணம் ஒன்று நமக்குக் கிட்டியுள்ளது. எல்லா உணவுச்சாலைகளும் இவ்வாறு செய்கின்றன என்பது என் கூற்றன்று. தொழிலாளர்க்கு முறையாகப் பகிர்ந்தளிப்பாரும் உளர். விலைச்சீட்டைப் பார்த்து இன்னது இவ்வகை என அறிய முடியாது என்பதே குறை.

இடைநின்றார் கைவழி வரும் கொடையைப் புறநானூறும் பேசுகின்றது. 208ஆம் பாட்டின் நிகழ்ச்சியை நினைவுகூர்தல் தகும். பெருஞ்சித்திரனார் பரிசில் நாடி அதியமான் நெடுமான் அஞ்சியிடம் சென்றார். அவன் நேரிற் காணாது பரிசில் மட்டும் கொடுத்தனுப்பினான். காணாது தந்ததைக் கொண்டு செல்லுதற்குத் தாம் வாணிகர் அல்லர் என்றும், தம் தகுதி அறிந்து தருவதாயின் தினையளவே ஆயினும் இனிது என்றும் கூறிப் புலவர் மறுத்தார். வறுமையுற்ற புலவர் ஒருவர் பொருளை மறுத்தற்குக் காரணம் செருக்கு என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. கண்டு கொடுத்தலே கொடை. காணாது கொடுத்தல் விலை என அவர் இரண்டையும் வேறுபடுத்தினார் என்க.

பண்டைத் தமிழகத்தில் உணவு விற்றல் இல்லாமல் இல்லை. மதுரைக்காஞ்சி இரவு அங்காடியில் மோதகமும் அடையும் விற்ற கூவியரைக் காட்டுகின்றது. மேற்காசு பற்றிய குறிப்பு ஆங்கில்லை. எனினும் ஊழியம் செய்வார்க்கு உரியது யாது என்பதில் நம் முன்னோர் தெளிவாகவே இருந்தனர். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலையையும், மாணவர்க்கு உணவளித்த ஏற்பாட்டையும் விரிக்கும் அக்கல்வெட்டு, மருத்துவர் முதலாகப் பணியாளர் பெறவேண்டிய நெல்லையும் காசையும் எழுத்தில் வைக்கின்றது. நோயுற்றார் மனமிரங்கித் தரும் காசில் அவர்கள் வாழவேண்டியதில்லை. ஊதியம் கல்லில் பொறிக்கப்பட்ட உரிமை.

கீழ்க்கட்டளையும் அடங்கிய பழைய செங்கற்பட்டுச் சீமை, 1763இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தது. அதன்பின் தாமசு பார்னார்டு என்பார் நடத்திய அளவையில் ஊர்தோறும் விளைச்சல் பங்கிடப்பட்ட முறை பதிவாகியுள்ளது. அரசுக்கும் குடிக்கும் பங்கு பிரிக்குமுன் களத்துக் குவியலிலிருந்து கணக்கன், தலையாரி, வெட்டியான், தச்சன், கொல்லன், வண்ணான், நாவிதன் முதலானோர்க்கு நெல் அளந்துவைக்கப்பட்டது. மேரை என்றும் சுதந்திரம் என்றும் இதற்குப் பெயர். பேச்சில் சுவந்திரம் என்பர். விடுதலை என்னும் பொருளில் இன்று நாம் வழங்கும் அச்சொல்லே அன்று ஊழியன் களத்தில் கேளாமற் பெறும் பங்கின் பெயராக இருந்தது. இம்முறையைப் பொற்காலம் எனப் போற்றுவார் உளர். அதற்கு யான் உடன்படேன். அப்பங்கு பிறப்போடு பிணிக்கப்பட்டது. வெட்டியான் மகனுக்கு அப்பங்கும் உறுதி, அத்தொழிலும் உறுதி. ஆயினும் ஒன்று கூறலாம். அது கட்டாயமானது, கட்டாயம் என்பதை ஒருவரும் மறைக்கவில்லை, உரியவன் கையில் நேரே சென்றது.

ஆகவே உரிமைப் பங்கு வேறு, விருப்பக்கொடை வேறு என்னும் பாகுபாடு நம்மிடம் இருந்தது. அப்பாகுபாடு குலைந்த கதையைப் பிற்காலத்தில் வந்து வழங்கிய சொற்கள் கூறுகின்றன. இனாம் என்பது கொடை என்னும் பொருளுடைய அரபுச்சொல். அது நிலத்தோடு சேர்ந்து உரிமையாக இறுகியது. அவ்வுரிமைகளை ஆராய 1858இல் சென்னை மாகாணத்தில் இனாம் ஆணையம் அமைந்தது. சிறு இனாம்களை ஒழிக்கும் தமிழகச் சட்டம் 1963இல் வந்தது. பேச்சுவழக்கில் அச்சொல் விலையின்றி வருவது என்னும் அளவிற்குச் சுருங்கிவிட்டது. மாமூல் என்பதும் அரபுமொழியினதே. வழக்கமானது என்பது அதன் நேர்பொருள். வழக்கமாகக் கொடுத்தது கொடுத்தே தீரவேண்டியது ஆயிற்று. இன்று அது கையூட்டின் மறுபெயர். பாரசீகப் பக்சீசு துரைமார் காலத்தோடு பெரும்பாலும் மறைய, ஆங்கில டிப்ஸ் அவ்விடத்தைப் பிடித்தது. விரைவுப் பணியை உறுதிசெய்தல் என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துச் சேர்க்கையே டிப் என்று சிலர் எழுதுவது கட்டுக்கதை. 17ஆம் நூற்றாண்டில் கள்வர் குழூஉக்குறியாகக் கொடு என்னும் பொருளில் வழங்கிய சொல் அது. பிரெஞ்சியரும் செருமானியரும் மேற்காசினைக் குடிப்பதற்கான காசு என்றே பெயரிட்டனர். நம்மவர் ‘காப்பிச் செலவுக்கு’ என்பதும் அவ்வழியதே.

சென்னையில் காப்பி கிளப்புகளும் உடுப்பி ஓட்டல்களும் பெருகிய 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ‘சர்வர்’ என்னும் தொழிலாளர் வகுப்பு உருவாயிற்று. 1964இல் சர்வர் சுந்தரம் என்னும் திரைப்படம் வெளிவரும் அளவிற்கு அவ்வகுப்பார் நகரவாழ்வில் அறிமுகமாகிவிட்டனர். 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டமும், உணவு நிறுவனங்களுக்கென்றே சென்னை மாநிலம் 1958இல் இயற்றிய சட்டமும் இவர்தம் ஊதியம், வேலைநேரம், ஓய்வு ஆகியவற்றைக் கருதின. மேற்காசு யாருடையது என்னும் வினா நீதிமன்றத்திற்குச் சென்றது. சயப்பூர் இராம்பாக் அரண்மனை ஓட்டல் வழக்கில், வாடிக்கையாளர் தரும் மேற்காசை முதலாளி பகிர்ந்தளித்தாலும் அது முதலாளி தரும் ஊதியமாகக் கருதப்படாது என உச்ச நீதிமன்றம் 1976இல் கொண்டது. கடன் அட்டை வழியே வாங்கிப் பணியாளர்க்கு வழங்கப்படும் மேற்காசும் சம்பளம் ஆகாது என 2016இல் ஐ.டி.சி. நிறுவனத்தின் வருமானவரி வழக்கிலும் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்விரு தீர்ப்பின் நோக்கும் ஒன்றே: அப்பணம் உண்டவனிடமிருந்து பரிமாறியவனுக்குச் செல்வது, இடைநின்றவன் கை வழியேயன்றி உடைமையன்று.

பிறநாட்டார் இதனைத் தீர்த்த வழிகளும் நோக்கத்தக்கன. பிரான்சு 1933இல் இயற்றிய சட்டத்தால், சேவைக்கென முதலாளி வாங்கும் தொகை முழுதும் பணியாளரையே சேரவேண்டும் என்றது. பிரித்தானியா அதே நெறிக்கு 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அது நடைமுறைக்கு வந்தது 2024 அக்டோபரில். அமெரிக்காவில் வேறொரு கொடுமை: மேற்காசு பெறுவோர்க்கு நடுவணரசு விதித்த குறைந்தபட்ச மணிக்கூலி 1991 முதல் 2.13 டாலராகவே நின்றது. கொடை அங்கே கூலியை விழுங்கிவிட்டது.

இந்தியாவில் நிகழ்ந்தது சொற்போராகவே அமைந்தமை வியப்பு. சேவைக் கட்டணம் விருப்பத்தைப் பொறுத்ததே என நுகர்வோர் விவகாரத் துறை 2017 ஏப்பிரலில் அறிவித்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 சூலை 4இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், அதனைத் தாமாகவே விலைச்சீட்டில் சேர்த்தலையும், வேறு பெயரால் வாங்குதலையும் விலக்கின. ஓட்டல் உடையார் சங்கங்கள் டில்லி உயர்நீதிமன்றத்தை அணுக, அம்மாதத்திலேயே இடைக்காலத் தடை கிட்டிற்று. பின்னர் 2023 செப்டம்பரில் இடைக்கால ஆணை ஒன்றால், வழக்காடிய சங்கங்களுள் ஒன்றன் உறுப்பினர் அக்கட்டணத்தைப் ‘பணியாளர் பங்களிப்பு’ எனப் பெயர் மாற்றி, நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாமல் வாங்கலாம் எனப் பணிக்கப்பட்டது. தமிழில் இத்தொடர் விரியுமாறு எங்ஙனம்? பணியாளர்க்கு அளிக்கும் பங்களிப்பு என நான்காவதாக விரிப்பதோ, பணியாளரது பங்களிப்பு என ஆறாவதாக விரிப்பதோ? பின்னதே நம் செவிக்கு இயல்பாகப் படுகின்றது. அப்பொருளில் கொடுப்பவர் பணியாளரே ஆகிவிடுகின்றார்! 2025 மார்ச்சு 28இல் அந்நீதிமன்றம் வழிகாட்டு நெறிகளை நிலைநிறுத்தி, சங்கங்கள் ஒவ்வொன்றும் ஓரிலக்கம் ரூபாய் செலுத்தவேண்டும் என ஆணையிட்டுத் தள்ளுபடி செய்தது. மேன்முறையீடும் தொடுக்கப்பட்டது.

நுகர்வோர் பக்கம் நின்று நோக்கின் இத்தீர்ப்பு நேரியது என்பதில் எனக்கு ஐயமில்லை. பரிமாறுவோர் பக்கம் நின்று நோக்கின் அது பாதித்தீர்வே. கட்டாயம் நீங்கினால் கொடை தானே பெருகும் என்று எதிர்பார்த்தற்கு இடமில்லை. கீழ்க்கட்டளைச் சிற்றுணவுச்சாலைகளில், முன்பு சோம்பும் கற்கண்டும் வைத்த தட்டில் மீதிச்சில்லறை கிடக்கும். அதில் ஐந்தோ பத்தோ எடுக்காமல் எழுவது வழக்கம். இன்று கைப்பேசியால் கல்லாவிலுள்ள கட்டக்குறியைப் படம்பிடித்து, பைசா பிசகாமல் செலுத்திவிடுகிறோம். மீதி என்பதே இல்லை. ஆதலின் தட்டில் சோம்பு மட்டுமே கிடக்கின்றது. சுதந்திரமாகிய பங்கும் இன்றி, கொடையும் இன்றி நிற்பவர் பரிமாறுபவரே.

இறுதியாக ஒரு வழக்கினைக் குறிப்பிடல் வேண்டும். மேற்காசு வேண்டும் தமிழ்த் தொழிலாளர் தொல்காப்பியர் கூறிய மூன்று சொற்களுள் ஒன்றனையும் வழங்கக் கேட்டிலேன். ஈ என்னும் வினை பேச்சில் வழக்கிழந்தது. தா என்றால் ஒப்புமை கோரியதாகும். கொடு என்றால் ஏவியதாகும். மூன்றனையும் விலக்கி அவர்கள், “பார்த்துச் செய்யுங்க” என்கின்றனர். தொகையும் இல்லை, கொடுத்தல் வினையும் இல்லை. செய்யுங்கள் என்னும் பொதுவினை ஒன்றே உண்டு. அதற்கும் முன்னே நிற்பது ‘பார்த்து’ என்னும் எச்சம். பெருஞ்சித்திரனார் அதியமானிடம் வேண்டியதும் அதுவே.