சூப்பர் மார்க்கெட் வேலைக்கு வெளிநாடு போறீங்களா? பணம் கட்டும் முன் இதை செக் பண்ணுங்க!

"துபாய் சூப்பர் மார்க்கெட்டில் வேலை.. விசா ரெடி" என்று யாராவது சொன்னால், சங்கரன்கோவில் பக்கம் நகையை அடகு வைத்தாவது பணம் கட்டும் குடும்பங்கள் உண்டு. அதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்க.. ஸ்பான்சர் யார்?

ஸ்பான்சர் என்றால்?

உங்களை வேலைக்கு எடுக்கும் கடை அல்லது நிறுவனம். வேலை அனுமதி வாங்குவது அவர்கள் பொறுப்பு. ஊரில் இருக்கும் ஏஜென்ட் ஸ்பான்சர் கிடையாது. ஆள் எடுக்கும் செலவை தொழிலாளியிடம் வசூலிக்க அமீரகத்தின் 2021 தொழிலாளர் சட்டம் தடை விதிக்கிறது.

ஏஜென்ட் எவ்வளவு வாங்கலாம்?

இந்திய விதிப்படி அதிகபட்சம் ரூ.30,000, அதோடு ஜிஎஸ்டி. ரசீது கட்டாயம். ஏஜென்ட் மத்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்தவரா? இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்தா தெரிஞ்சிடும்.

விசிட் விசாவில் போகலாமா?

கூடாது. "அங்க போய் மாத்திக்கலாம்" என்பதை நம்பிப் போனால், விசா மாறும் வரை வேலை செய்வதே சட்டவிரோதம். சம்பளம் வரலைன்னா புகார் கொடுக்க கையில் கான்ட்ராக்ட் இருக்காது.

10-ம் வகுப்பு பாஸ் ஆகலையா?

உங்க பாஸ்போர்ட் பெரும்பாலும் 'இ.சி.ஆர்' வகையாக இருக்கும். வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக குடிபெயர்வோர் பாதுகாவலர் அனுமதி வேணும். இந்த அலுவலகம் சென்னையில் இருக்கு. ரூ.10 லட்சம் விபத்துக் காப்பீடும் கட்டாயம்.

பிரிட்டன் போகலாமா?

கடை விற்பனையாளர் வேலைக்கு அங்கே 'ஸ்கில்டு வொர்க்கர்' விசாவே கிடையாது. இருக்கிறது என்று சொன்னால் உஷார்!

சந்தேகமா?

மத்திய அரசின் கட்டணமில்லா எண் 1800 11 3090. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரிக்கலாம்.