சாவியும் காந்தமும்

கிளிமூக்கு மாம்பழம் வந்திறங்கும் மாதங்களில் சித்தூர் வட்டாரத்துக் கூழ் ஆலைகள் இரவு பகல் பாராமல் ஓடும். 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்தின் ஸ்ரீசிட்டியில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அங்கே பழத்தைக் கூழாக்கும் பல்ப்பர், இங்கே தகட்டை அழுத்தும் பிரஸ். மூடி திறந்திருக்கும்போது எந்திரம் ஓடக்கூடாது என்பது இரண்டுக்கும் பொது. அதற்குச் சாவி வகை சுவிட்சா, காந்த வகையா?

சாவி வகையில், கதவில் பொருத்திய உலோக நாக்கு சுவிட்சின் தலைக்குள் நுழைகிறது. கதவைத் திறக்கும் கையின் விசையே உள்ளிருக்கும் மின்முனைகளைப் பிரித்துவிடும்; முனைகள் உருகி ஒட்டியிருந்தாலும் பிய்த்தெடுக்கும். சுவிட்சின் மேல் வட்டத்துக்குள் அம்புக்குறி இருந்தால் அதற்கு இதுதான் பொருள். காந்த வகையில் தொடுதலே இல்லை. கதவில் காந்தம், சட்டத்தில் பிசினால் அடைத்த உணரி. உள்ளே இருப்பவை மெல்லிய ரீட் முனைகள். கான்டாக்டர் காயிலின் சுமையை நேராகக் கொடுத்தால் அவை ஒட்டிக்கொள்ளும். பிரித்தெடுக்க அங்கே கைவிசையும் இல்லை.

இதை மட்டும் பார்த்தால் சாவியே மேல். ஆனால் பல்ப்பர் மூடியில் தினமும் சாறும் நாரும் கழுவுநீரும் வழிகின்றன. சாவித் துளையில் நார் அடைக்கும்; கீல் சற்றே தொய்ந்தாலும் நாக்கு தலையில் மோதி உடையும். துளையே இல்லாத காந்தம் அங்கே பிழைக்கும், சில மில்லிமீட்டர் விலகலையும் பொறுக்கும். பிரஸ் பக்கம் கதை தலைகீழ். இரும்புத் துகள் காந்தத்தில் மொய்க்கும். இரும்புச் சட்டத்தில் பொருத்தினால் உணரும் தூரமும் குறையும். அங்கே சாவிக்கே முதலிடம்.

வயரிங்கில் வேற்றுமை இன்னும் கூர்மையாகிறது. சாவி வகையில் இரண்டு முனைகள் இருந்தாலும் நாக்கு ஒன்றுதான். அது உடைந்து தலைக்குள்ளேயே நின்றுவிட்டால் இரு வழிகளும் 'கதவு மூடியிருக்கிறது' என்றே பொய் சொல்லும். காந்த வகையின் இரு முனைகளை ஒன்றோடொன்று ஒப்பிட சேஃப்டி ரிலே கட்டாயம். சாதாரண பி.எல்.சி. இன்புட் மட்டும் போதாது. ரிலே இரண்டு கான்டாக்டர்களை அணைக்க வேண்டும். அவை உண்மையில் அணைந்தனவா என்ற செய்தி ரீசெட் சுற்றுக்குத் திரும்பி வரவேண்டும்.

கூழ் வரிசையில் பல மூடிகள் உண்டு. செலவைக் குறைக்க எல்லாவற்றையும் தொடராகக் கோர்ப்பார்கள். முதல் மூடியில் ஒரு முனை ஒட்டிக்கொண்டால், அந்த மூடியைத் திறக்கும்போது ரிலே முரண்பாட்டைக் கண்டு பூட்டிக்கொள்ளும். பிறகு அடுத்த மூடியை யாராவது திறந்து மூடினால் இரு வழிகளும் சேர்ந்து அறுந்து சேர்ந்து திரும்பும். ரிலே மன்னித்துவிடும், கோளாறு மறைந்துவிடும். இந்த மறைப்பை விளக்கவே 2015-இல் ஐ.எஸ்.ஓ. 24119 என்ற தொழில்நுட்ப அறிக்கை வந்தது.

ஏமாற்றுவதில் இரண்டும் சமம். உபரிச் சாவியைத் துளையில் செருகலாம்; உபரிக் காந்தத்தை டேப்பால் ஒட்டலாம். நார் சிக்கும்போதெல்லாம் மூடியைத் திறந்தாக வேண்டிய இரவு ஷிப்ட்காரருக்கு, மறுபடி ஓட்டுவது பெரும்பாடாக இருந்தால் பைபாஸ்தான் தோன்றும். தனிக்குறியீடு கொண்ட ஆர்.எஃப்.ஐ.டி. சுவிட்ச் அதைக் கடினமாக்கும். நார் சிக்காத வடிவமைப்போ அதன் தேவையையே குறைக்கும்.

ஆகவே கதவின் மேல் என்ன விழுகிறது என்பதைப் பார்த்துச் சுவிட்சைத் தேர்ந்தெடுக்கலாம். வயரிங்கையோ அந்தச் சுவிட்ச் ஒருநாள் பொய் சொல்லும் என்று எண்ணியே செய்ய வேண்டும். சீசனுக்கு முன் ஒவ்வொரு மூடியையும் தனித்தனியே திறந்து பாருங்கள். மூடியதுமே எந்திரம் தானாகப் புறப்பட்டால், சாவியா காந்தமா என்ற பேச்சை ஒத்திவைத்துவிட்டுப் பேனலைத் திறக்க வேண்டும்.