றோஸ் அரங்கின் கணக்கேடு

நம்மிற் பலர் ஷேக்ஸ்பியர் காலத்து நாடகத்தைப் பரீட்சைக்குரிய பாடநூல்களின் வாயிலாகவே முதலில் அறிந்தோம். அப்பாடங்களிலே கவிஞன் இருந்தான், கவிதையும் இருந்தது. கூலி கொடுத்தவனும் கூலி பெற்றவனும் இருக்கவில்லை. இக்குறையைப் போக்க உதவும் ஆவணத்தை எழுதியவர் இலக்கியவாதி அல்லர். பிலிப் ஹென்ஸ்லோ என்னும் வணிகர், தம் சகோதரரின் இரும்புத்தொழிற் கணக்குகள் அடங்கிய பழைய ஏடொன்றின் வெற்றுப் பக்கங்களிற் குறித்துவைத்த வரவு செலவே அது.

ஹென்ஸ்லோ சாயத்தொழில் பயின்றவர்; எசமானின் விதவையை மணந்தவர்; வீடு, அடகு, கரடிச்சண்டை எனப் பலவற்றிலும் பணம் போட்டவர். 1587 இல் இலண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையிலே, மாநகர ஆட்சியினரின் கைக்கு எட்டாத இடத்தில், றோஸ் அரங்கைக் கட்டினார். நாடகம் அவருக்குப் பத்தோடு பதினொன்று.

கொள்ளைநோயினால் ஏறத்தாழ இரண்டாண்டுகள் பெரும்பாலும் மூடிக்கிடந்த அரங்குகள் 1594 கோடையில் மீண்டும் திறந்தன. அவ்வாண்டு ஜூன் நடுப்பகுதியில் கடற்படைத் தளபதியின் குழுவினர் றோஸ் அரங்கில் ஆடத்தொடங்கினர். குழுவுக்குப் பிரபுவின் பெயர் இருந்தது அலங்காரத்துக்காக அன்று. 1572 ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிரபு ஒருவரின் ஆதரவற்ற நடிகன் நாடோடிக் குற்றவாளியாகவே கொள்ளப்பட்டான்.

அடுத்த ஜூன்வரை நீடித்த அப்பருவத்தின் வேகம் நம்மை மலைக்க வைக்கிறது. வாரத்தில் ஆறு நாள் ஆட்டம், நாளுக்கொரு நாடகம். மொத்தம் முப்பத்தெட்டு நாடகங்கள். அவற்றுள் இருபத்தொன்று புதியவை. ஏறத்தாழ இரு வாரங்களுக்கொரு புது நாடகம் மேடையேறியது. காலையில் ஒத்திகை, பிற்பகலில் திறந்த வானத்தின் கீழ்ப் பகல் வெளிச்சத்தில் ஆட்டம். நடிகனுக்கு முழுப் பிரதி கிடைப்பதில்லை. தன் வசனமும், அதற்கு முந்திய சில சொற்களும் எழுதிய கடதாசிச் சுருள் மாத்திரமே கிடைக்கும். தலைமை நடிகர் எட்வேட் அலெய்ன் பயன்படுத்திய அத்தகைய சுருளொன்று இன்றும் உள்ளது. மாளோவின் 'டொக்டர் போஸ்டஸ்' 1594 செப்டெம்பர் 30 இல் ஆடப்பட்டபோது ஹென்ஸ்லோ தம் பங்காகக் குறித்துக்கொண்டது 3 பவுண் 12 ஷில்லிங். ஆசிரியரின் பெயர் அங்கில்லை. அவ்வரிக்கு அது வேண்டப்படவுமில்லை.

இவ்வேகத்தைத் தாங்கியவர்கள் யார்? ஒரு நாடகத்துக்கு ஏறத்தாழ ஆறு பவுண். அதை இருவரோ நால்வரோ பங்கிட்டுக்கொண்டு அவசர அவசரமாக எழுதினர். 1603 இல் தொமஸ் ஹேவுட் எழுதிய நாடகமொன்றுக்கு ஆறு பவுண் கொடுக்கப்பட்டது. அதே நாடகத்தின் நாயகிக்குத் தைத்த கறுப்பு வெல்வெட் அங்கிக்கு 6 பவுண் 13 ஷில்லிங் செலவாயிற்று. 1598 இல் தொமஸ் டெக்கரைக் கடன்காரர் சிறையிலிருந்து மீட்க ஹென்ஸ்லோ நாற்பது ஷில்லிங் கொடுத்தார். இதைத் தயாளம் என்று கொள்வோரும் உளர். எம்மால் அவ்வாறு கொள்ள முடியவில்லை. நடிகர்கள் கடனிலிருந்து மீண்டுவிட்டால் அவர்களை ஆள இயலாது என்று அவரே கூறியதாக, 1615 இல் அவரோடு தொழில்புரிந்த நடிகர்கள் எழுத்திலே முறையிட்டனர். தோட்டத்திலும் வயலிலும் முற்பணத்தின் பொருளை அறிந்த நமக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

ஆயினும், உழைப்போர் கூடிய அரங்காதலால் அங்கு ஒலித்த யாவும் முற்போக்கானவை என்று எண்ணுவது பேதைமை. முற்றத்தில் நிற்க ஒரு பெனி. அது கைவினைத் தொழிலாளியின் நாட்கூலியிற் பன்னிரண்டில் ஒரு பங்களவு. அதைக் கொடுத்து வந்தோர் வெறுப்பையும் இரசித்தனர். யூத வழித்தோன்றலான வைத்தியர் ரொட்றிகோ லோப்பெஸ், அரசியைக் கொல்லச் சதிசெய்தார் என்று குற்றஞ்சாட்டப்பட்டு 1594 ஜூன் 7 இல் கொல்லப்பட்டார். அம்மாதத்தில் மாளோவின் 'மால்டாவின் யூதன்' மீண்டும் மீண்டும் ஆடப்பட்டது. எது விலைபோகும் என்பதைக் குழுவினர் அறிந்திருந்தனர்.

அதே மக்களுக்கு வேறொரு முகமும் இருந்தது. பருவம் முடிவெய்திய 1595 ஜூனிலே, இலண்டனின் தொழில் பயிலும் இளைஞர் வெண்ணெய், மீன் விலைகளை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். ஜூலையில் அவர்களுள் ஐவர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களில் எவரேனும் றோஸ் முற்றத்தில் நின்றவரா என்பதை ஹென்ஸ்லோவின் ஏடு கூறாது. பெனி கொடுத்தவரின் பெயர் எக்கணக்கிலும் ஏறுவதில்லை.

1989 இல், காரியாலயக் கட்டடமொன்றுக்காக நிலத்தைத் தோண்டியபோது றோஸ் அரங்கின் அத்திவாரம் வெளிப்பட்டது. அதைக் காக்க நடிகரும் பொதுமக்களும் கூடி நின்றனர். எச்சங்கள் கட்டடத்தின் அடியிற் பேணப்படலாயின. மண்ணுள்ளே கிடந்தவை கொட்டைத் தோடுகளும், வாயிலிற் காசு வாங்கப் பயன்பட்ட சிறு மட்பாண்ட உண்டியல்களின் துண்டுகளும். உண்டியலுக்கு வாய் கிடையாது. காசு நுழையும் கீறல் ஒன்றே உண்டு. ஆட்டம் முடிந்தபின் உள்ளே கொண்டுபோய் உடைத்து எண்ணினர். மாடத்து வருவாயிற் பாதி ஹென்ஸ்லோவுக்கு.