நீதிமன்றமும் நெடுஞ்சாலையும்: பெருந்தொற்றுக் காலத்தில் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் தடம்

2021ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் தடத்தில் இரண்டு முறை பெரிய ஆலைகள் நின்றன. மே மாதக் கடைசியில் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையும் ஒரகடம் ரெனோ–நிஸான் ஆலையும் சில நாள்கள் மூடப்பட்டன. டிசம்பரில் சுங்குவார்சத்திரத்தை ஒட்டிய ஃபாக்ஸ்கான் ஐஃபோன் ஆலை மூடப்பட்டது. அது மறுபடி திறக்க மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. மே மாதம் வேலையை நிறுத்தச் சொன்னவர்கள் பெரும்பாலும் ஆண்கள், சங்கம் உள்ளவர்கள். டிசம்பரில் நிறுத்தியவர்கள் இளம்பெண்கள், பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் வழியாக வேலைக்கு வந்தவர்கள், சங்கம் இல்லாதவர்கள். ரெனோ–நிஸான் தொழிலாளர் சங்கம் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஃபாக்ஸ்கான் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். நிதி பற்றியும் பொதுக்கொள்கை பற்றியும் பணியிடப் பன்மைத்துவம் பற்றியும் பெருந்தொற்றின் ஈராண்டுகளில் ஓயாமல் பேசப்பட்டது. அந்தப் பேச்சில் யார் யாரோடு உட்காரலாம் என்பதை வேலை நியமனத்தின் வகையே தீர்மானித்தது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் சம்பளம். ஊரடங்கு நாள்களுக்கும் முழு ஊதியம் தர வேண்டும் என்று 2020 மார்ச் 29 அன்று ஒன்றிய உள்துறை அமைச்சகம் ஆணையிட்டது. மே மாத நடுவில் அது கைவிடப்பட்டது. ஃபைகஸ் பாக்ஸ் வழக்கில் ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம், ஊதியம் தராத நிறுவனங்கள் மீது கடும் நடவடிக்கை வேண்டாம் என்றும், முதலாளிகளும் தொழிலாளர்களும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்றும் கூறியது. சங்கம் இருந்த ஆலையில் அந்த வரிக்குப் பொருள் இருந்தது. ஏஜென்சி வழியாகச் சேர்ந்த பெண் யாரோடு பேசுவாள்? அவளுக்குச் சம்பளம் போடுபவர் ஒருவர், வேலை வாங்குபவர் இன்னொருவர். அதே மாதங்களில் வைப்புநிதிப் பங்களிப்பு 12 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டது. சேமிப்பிலிருந்து முன்பணம் எடுக்கவும் வழி திறக்கப்பட்டது. இரண்டுமே நிவாரணம் என்று அறிவிக்கப்பட்டன. இரண்டிலும் தொழிலாளி தன் முதுமைக்கான பணத்தைத்தான் முன்கூட்டிச் செலவழித்தார்.

2021 மே மாதத் தமிழ்நாட்டு ஊரடங்கிலும் கார் ஆலைகள் இயங்கின. ரெனோ–நிஸான் சங்கத்தின் கேள்வி எளிமையானது: கார் எப்படி அத்தியாவசியப் பொருளாகும்? நிலுவையில் இருக்கும் ஆர்டர்களை முடித்தாக வேண்டும், பாதுகாப்பு நெறிகளைக் கடைப்பிடிக்கிறோம் என்றது நிர்வாகம். வழக்கு சூடுபிடித்த இடம் கொள்கையைவிட நுண்மையானது. அசெம்ப்ளி லைனில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும்போது அடுத்தடுத்த நிலையங்களில் நிற்பவர்கள் ஒருவர்மேல் ஒருவர் படாமல் வேலை செய்ய முடியாது. எத்தனை வண்டிக்கு ஒருமுறை ஓரிடத்தைக் காலியாக விடுவது என்பதே சிக்கலாயிற்று. காலியாக விடும் ஒவ்வோர் இடமும் அந்த ஷிஃப்டில் வெளிவராத ஒரு கார். தொற்று விலகலுக்கும் வருவாய்க்கும் இடையிலான பேரத்தை இதைவிடத் துல்லியமாக அளக்கும் கருவி இல்லை. நீதிமன்றத் தலையீட்டால் தொழிலகப் பாதுகாப்பு அதிகாரிகள் ஆலைக்குள் போய்ப் பார்த்தார்கள். யார் வென்றார் என்பதைக் காட்டிலும் ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது: லைனின் வேகத்தை முடிவு செய்வது நிர்வாகத்தின் தனி உரிமை என்றே இங்கு கருதப்பட்டுவந்தது. பெருந்தொற்று அதைப் பொதுவெளி விவாதமாக்கியது. அதைச் செய்ய ஒரு சங்கமும் ஒரு வக்கீலும் தேவைப்பட்டார்கள்.

செல்போன் ஆலைகளின் கதை வேறு. உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகைத் திட்டம், பெருமளவு மின்னணு உற்பத்திக்காக அறிவிக்கப்பட்டது 2020 ஏப்ரல் 1 அன்று. நாடு முழு ஊரடங்கில் இருந்த நேரம். கூடுதல் விற்பனைமீது 4 முதல் 6 சதவீதம் ஊக்கத்தொகை. தகுதியைத் தீர்மானித்தவை கூடுதல் முதலீடும் கூடுதல் விற்பனையும். வேலைக்கு வருபவர் இரவில் எங்கே படுப்பார் என்பதை அந்தத் திட்டம் கேட்கவில்லை. ஆனால் விற்பனை கூட வேண்டுமென்றால் ஆள் கூட வேண்டும். ஆள் என்றால் வட மாவட்டங்களிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் வரும் பெண்கள். இரவு ஷிஃப்ட் உண்டு. தொழிற்சாலைகள் சட்டம் பெண்களின் இரவு வேலைக்கு விதித்திருந்த தடையை 2000ஆம் ஆண்டிலேயே வசந்தா வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்து, பாதுகாப்பு நிபந்தனைகளோடு அனுமதித்திருந்தது. எனவே கம்பெனி பஸ்ஸும் ஹாஸ்டலும் உற்பத்தியின் உறுப்புகளாயின. கணக்கில் மட்டும் அவை ஒப்பந்தக்காரரின் செலவு.

2021 டிசம்பர் நடுவில் பூந்தமல்லிப் பக்கத்து ஃபாக்ஸ்கான் தொழிலாளர் ஹாஸ்டல் ஒன்றில் உணவு நஞ்சாகி 250க்கும் மேற்பட்ட பெண்கள் சிகிச்சை பெற்றார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. இறக்கவில்லை என்று அதிகாரிகள் சொன்னதை யாரும் நம்பவில்லை. நம்பத்தக்க ஒருவர் வழியாகச் சொல்வதற்கான ஏற்பாடே அங்கு இல்லை. 17ஆம் தேதி இரவு நெடுஞ்சாலை அடைபட்டது. மாத இறுதியில், தொழிலாளரின் தங்குமிடங்களும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு உட்படவில்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டு ஆலையை நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12 அன்று வேலை மீண்டும் தொடங்கியது. சாலைமறியலைச் சட்டம் ஒழுங்குச் சிக்கலாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு கேள்வி: அந்தப் பெண்கள் வேறு எந்தக் கதவைத் தட்டியிருக்கலாம்?

கதவுகள் இல்லாமல் இல்லை, மிகுதியாக இருந்தன. ஆலைக்குள் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். ஒப்பந்தக்காரர்மீது தொழிலாளர் துறை. சமையலறைமீது உணவுப் பாதுகாப்புத் துறை. ஹாஸ்டலுக்கோ 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு பெண்கள், குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியரின் உரிமம். பஸ் இன்னொரு துறை. ஒரே பெண்ணின் ஒரு நாளை இத்தனை துறைகள் பங்கு போட்டுக்கொண்டன. முழு நாளுக்கும் பொறுப்பாளர் யாருமில்லை. கிருமிக்கு இந்த எல்லைகள் தெரியாது. லைனில் இடைவெளி விட்டு நின்றவள், நெருக்கமான பஸ்ஸில் ஏறி, பலர் தங்கும் ஒரே அறைக்குத் திரும்பினால், வாயிலில் பிடித்துப் பார்க்கும் வெப்பமானியால் என்ன பயன்?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதைத் தட்டிக்கழிக்கலாகாது. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழ 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். பிளஸ் டூ முடித்த பெண் ஊரைவிட்டு வந்து, தன் பெயரில் வங்கிக் கணக்கு வைத்து, கல்யாணத்தை இரண்டு ஆண்டு தள்ளிப்போடுவது சிறிய மாற்றமல்ல. ஹாஸ்டலின் பூட்டைக் காட்டித்தான் பல பெற்றோர்கள் சம்மதிக்கிறார்கள். அந்தப் பூட்டு இல்லையென்றால் வேலையே இல்லை என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த வாதம் ஹாஸ்டல் வேலையின் நிபந்தனை என்பதைத்தானே நிரூபிக்கிறது? நிபந்தனையென்றால் அதைப் பணியிடத்தின் பகுதியாகக் கணக்கிடுவதில் என்ன தடை? 2013ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் முதலாளி ஏற்பாடு செய்யும் வாகனத்தைப் பணியிடம் என்றே வரையறுக்கிறது. வேலைக்கு வந்து போகும் வழியில் நேரும் விபத்தைத் தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டம் 2010ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு வேலை சார்ந்ததாக ஏற்றது. நம் சட்டம் வாயிலைத் தாண்ட ஏற்கெனவே பழகியிருக்கிறது.

அரசும் ஹாஸ்டலின் முக்கியத்துவத்தைப் புரிந்துகொண்டது, தன் வழியில். 2021 ஆகஸ்டில் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, 2020–21இன் வருவாய்ப் பற்றாக்குறை 61,320 கோடி ரூபாய் என்றது. அவ்வளவு நெருக்கடியில் இருந்த மாநிலத்தின் சிப்காட் நிறுவனம் இதே தடத்தில் உள்ள வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பைக் கட்டியது; 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் திறந்து வைத்தார். ஒப்பந்தக்காரரின் நெரிசல் அறையோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். எனினும் உற்பத்திக்கு இன்றியமையாத ஒரு செலவின் முதலீட்டைப் பொதுத்துறைக் கழகம் சுமந்தது என்பதை நிதிப் பேச்சில் யாரும் சேர்ப்பதில்லை. அதன் அலகையும் கவனிக்க வேண்டும்: படுக்கை. படுக்கை தனியாள் கணக்கு. கணவனும் கைக்குழந்தையும் உள்ளவளுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. திறப்பு விழாவுக்கு இரண்டு மாதம் முன்பு, அதே ஆண்டு ஜூனில், ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐஃபோன் பூட்டும் வேலைக்குத் திருமணமான பெண்கள் தவிர்க்கப்படுவதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநிலத்திடம் அறிக்கை கேட்டது. நிறுவனம் மறுத்தது. வேலைக்கு எடுப்பதில் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டைத் தடுக்கும் சம ஊதியச் சட்டம் 1976இலிருந்தே இருந்தது. பன்மைத்துவ அறிக்கைகளில் பெண்களின் எண்ணிக்கை வரும். எந்தப் பெண்கள் என்பது வராது.

அண்டை ஆலையான சாம்சங்கில் சங்கத்தைப் பதிவு செய்வதற்கே 2024இல் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் தேவைப்பட்டது. பதிவு கிடைத்தது 2025 ஜனவரியில். வரவர நிலைமை இளகும் என்று எதிர்பார்க்க இது ஆதாரம் தரவில்லை. ஆனால் வல்லம் வடகாலில் அரசுக்கு மற்ற இடங்களில் இல்லாத ஒரு பிடி இருக்கிறது: கட்டடம் அதனுடையது. அங்கு குடியிருப்போரே தேர்ந்தெடுக்கும் குழு, அந்தக் குழுவுக்குச் சமையலறையையும் மருத்துவ அறையையும் பஸ் கால அட்டவணையையும் ஆய்வு செய்யும் உரிமை, அதன் பதிவேட்டைத் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம் மாதந்தோறும் பார்க்கும் கடமை ஆகிய மூன்றையும் குத்தகை ஒப்பந்தத்தில் நிபந்தனைகளாகச் சேர்க்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. சிப்காட் தன்னிடம் மனை பெற்றவர்களுக்கு நிலத்தடி நீருக்கும் கழிவுநீருக்கும் நிபந்தனை விதிப்பதைப் போலவே இதையும் விதிக்கலாம்.