படாக் மரமும் ‘டெக்ஸ்சர்’ என்னும் சொல்லும்

‘டெக்ஸ்சர்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இழைநயம், இழையமைப்பு என்று நம் அகராதிகள் பொருள் தருகின்றன. துணிக்கு அது பொருந்துகிறது. மரத்துக்குப் பொருந்துமா என்பதை அந்தமான் தீவுகளில் உள்ள ரங்கத் ஊரில் படாக் பலகையை இழைக்கும் தச்சரின் கை சொல்லும்.

படாக் என்பது பர்மியப் பெயர். மரமோ நம் வேங்கைக்கும் செஞ்சந்தனத்துக்கும் ஒரே பேரினத்து உறவு. அதன் வைரம் செங்கல் நிறத்திலிருந்து கருஞ்சிவப்பு வரை போகும். துளைகள் வெறுங்கண்ணுக்கே தெரியும். மர நூலார் டெக்ஸ்சர் என்று குறிப்பது இத்துளைகளின் பருமனையே. நார் ஓடும் திசைக்கு அவர்களிடம் வேறு சொல் உண்டு. படாக்கின் நாரோ ஓர் அடுக்கில் இப்பக்கமும் அடுத்த அடுக்கில் எதிர்ப்பக்கமுமாகச் சாய்ந்து பின்னிக் கிடக்கும். இழைப்புளியை எப்பக்கம் தள்ளினாலும் ஓரிடம் வழவழவென்று வரும். அடுத்த விரற்கடையில் பிய்த்துக்கொள்ளும். உளியைத் தீட்டி, மெல்லிய சீவலாக எடுத்து, உப்புத்தாள் தேய்த்து, துளைகளை மக்கு வைத்து அடைத்த பிறகே பாலிஷ் சமமாக நிற்கும்.

இனிச் சொல்லின் பிறப்பு. லத்தீனில் ‘டெக்ஸெரே’ என்றால் நெய்தல், ‘டெக்ஸ்டுரா’ நெசவு. 15ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலம் புகுந்தது. டெக்ஸ்ட், டெக்ஸ்டைல் இரண்டும் அதன் உடன்பிறப்புகள். அதற்கும் மூத்த இந்தோ-ஐரோப்பிய வேர் கைத்திறத்தால் ஒன்றை ஆக்குவதைக் குறித்தது என்பர். அவ்வேரிலிருந்தே கிரேக்கத்தின் ‘டெக்டோன்’, சமஸ்கிருதத்தின் ‘தக்ஷன்’ இரண்டும் பிறந்தன. இரண்டுக்கும் பொருள் தச்சன். ஆர்க்கிடெக்ட் என்பதன் பின்பாதி அந்த டெக்டோனே. சங்க நூல்களிலேயே இடம்பெற்ற நம் ‘தச்சன்’ பிராகிருத வழியாக வந்த அதே குடும்பத்துச் சொல் என்பது மொழியியலார் பலரின் கொள்கை. எனக்கும் அது ஏற்புடையதே. ஆக, டெக்ஸ்சரும் தச்சனும் தூரத்து உறவினர். தமிழிலும் நூல் இழை, மரம் இழைத்தல் என நெசவும் தச்சும் ஒரே வடிவத்தைப் பகிர்கின்றன. ஆதலால் இழையமைப்பு என்ற சொல்லை மரத்துக்கும் தயங்காமல் ஆளலாம்.

2002இல் உச்ச நீதிமன்றம் தீவுகளின் மரவெட்டைக் கட்டுப்படுத்திய பின் படாக் முன்போல் பட்டறைக்கு வருவதில்லை. காட்டுக்கு அது நல்லதே. ஆனால் சொரசொரப்பு, நெருநெருப்பு, சிராய் என்று விரலால் அறிந்து பேசும் பேச்சும் அதனோடு குறையும். ரங்கத்து இளைஞர்களே, மூத்த தச்சர்களிடம் அமர்ந்து அச்சொற்களை இப்போதே எழுதி வையுங்கள்.