ஹெல்சின்கி–டோக்கியோ வான்வழி: தொலைவும் பயண நேரமும்

பின்லாந்தின் ஹெல்சின்கி-வான்டா விமான நிலையத்துக்கும் டோக்கியோவின் நரீட்டா விமான நிலையத்துக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய தொலைவு சுமார் 7,800 கிலோமீட்டர். பூகோள உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் இந்தப் பெருவட்டப் பாதை, தட்டையான சுவர்ப்படம் காட்டுவதுபோல மங்கோலியா வழியாகப் போவதில்லை. ஆர்க்டிக் வட்டம்வரை மேலேறி, சைபீரியாவைக் குறுக்கே கடந்து ஜப்பானை அடைகிறது. எந்தத் தொலைவுக் கணிப்பானும் தருவது இந்த எண்ணைத்தான். ஆனால் இவ்வழியின் வரலாற்றில் விமானங்கள் இந்தத் தொலைவைப் பறந்த காலம் சில பத்தாண்டுகளே. பயண நேரத்தைத் தீர்மானித்ததில் பொறியியலைவிட எல்லைக்கோட்டுக்கே பங்கு அதிகம்.

ஒவ்வொரு நாட்டுக்கும் தன் வான்வெளிமீது முழு இறையாண்மை உண்டு என்றது 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை. நிலப்பரப்பில் உலகிலேயே பெரிய நாடான சோவியத் ஒன்றியம் தன் வானை மூடிவைத்ததால், ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்குப் போக ஒன்று தெற்காசியா வழியே பல ஊர்களில் இறங்கிச் செல்ல வேண்டும், அல்லது வடதுருவப் பக்கமாகச் சுற்ற வேண்டும். ஸ்கேண்டிநேவியன் விமான நிறுவனம் 1957இல் கோபன்ஹேகனிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜ் வழியாக டோக்கியோவுக்குச் சேவை தொடங்கியது. 1983 ஏப்ரலில் பின்லாந்தின் விமான நிறுவனமான ஃபின்ஏர், கூடுதல் எரிபொருள் கொள்ளும் டிசி-10 விமானத்தில், துருவத்தையும் பெரிங் நீரிணையையும் கடந்து இடைநிற்காமல் டோக்கியோவை அடைந்தது. பிடித்த நேரம் சுமார் 13 மணி. அந்தச் சுற்று வீண் எச்சரிக்கை அல்ல என்பதை அதே ஆண்டு செப்டம்பர் 1 காட்டியது: வழிதவறிச் சோவியத் வான்வெளிக்குள் நுழைந்த கொரியப் பயணிகள் விமானம் சகாலின் தீவருகே சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தனர்.

பின்னர் சைபீரிய வான் திறந்தது, கட்டணத்துக்குத்தான். ஐரோப்பிய நிறுவனங்கள் அந்நாட்டு விமான நிறுவனமான ஏரோஃப்ளோட்டுக்குப் பணம் கட்டிப் பறந்தன. பயணம் ஒன்பதரை மணி அளவுக்குச் சுருங்கியது. ஆசியாவுக்குக் குறுக்குவழி என்பதையே ஃபின்ஏர் தன் வணிகத்தின் அச்சாணியாக்கியது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போரை ஒட்டி ஐரோப்பிய ஒன்றியமும் ரஷ்யாவும் ஒன்றுக்கொன்று வான்வெளியை மூடின. மார்ச்சில் ஃபின்ஏரின் ஏ350 விமானம் மறுபடி துருவத்தைச் சுற்றியது. மீண்டும் சுமார் 13 மணி.

நேரத்தை மாற்றுவது காற்றுதானே என்று கேட்கலாம். உண்மைதான்: மேற்கிலிருந்து வீசும் உயர்வான் காற்றோட்டம் கிழக்குப் பயணத்தைச் சுருக்கி, திரும்பும் பயணத்தை நீட்டும். ஆனால் போகவர இரண்டையும் கூட்டினால் அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி கரைந்துவிடும். மூடிய எல்லை இருபுறமும் நேரத்தைக் கூட்டுகிறது. விமானங்கள் மேம்பட்டால் தீர்ந்துவிடும் என்ற வாதமும் நிற்பதில்லை. டிசி-10க்கும் ஏ350க்கும் நடுவே ஏறத்தாழ நாற்பது ஆண்டு முன்னேற்றம் உண்டு. அது எரிபொருளை மிச்சப்படுத்தியது, வேகத்தைக் கூட்டவில்லை. ஒலிக்குச் சற்றுக் கீழான வேகத்திலேயே பயணிகள் விமானங்கள் நின்றுவிட்டன. பெருவட்ட எண் மாறவில்லையே என்பது இன்னொரு மறுப்பு. அது கீழ்வரம்பாக மட்டும் சரி. எரிபொருளும் விமானிகளின் பணிநேரமும் பறந்த பாதைக்கே செலவாகின்றன. அந்தப் பாதையும் விமானத்தின் கொடியைப் பொறுத்தது: ஹெல்சின்கியிலிருந்து ஷாங்காய்க்குச் சீன நிறுவனம் ரஷ்யாவின் மேலாகவே போகிறது, ஃபின்ஏர் அதே இரு நிலையங்களுக்கிடையே சுற்றிப் போகிறது.