குதிரை நடந்த கரையில்

ஆற்றோரமாகவே ஒரு பாதை செல்லுமானால், அதில் போகிறவன் வழி கேட்க வேண்டியதில்லை. மேடேறி மூச்சு வாங்க வேண்டியதும் இல்லை. நீர் பள்ளத்தை நாடிப் போகிறது; அதனோடு அவனும் போகலாம். நடு ஐரோப்பாவில் கோடை பிறந்ததும் மக்கள் சைக்கிளேறி டான்யூப் நதிக்கரை வழியே யாத்திரை புறப்படுவதற்கு இந்த எளிய உண்மையே முதற் காரணம். பின்சக்கரத்தின் இருபுறமும் இரண்டு பைகள். அவற்றில் மாற்றுடையும் மழைக்கோட்டும் டயர் ஒட்டுவதற்கான சாமான்களும். ஜெர்மனியின் எல்லை நகரமான பாசாவில் தொடங்கி, ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவை ஏழெட்டு நாட்களில் எட்டிவிடுகிறார்கள். தூரம் 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பள்ளிப் பிள்ளைகளும் போகிறார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்களும் போகிறார்கள்.

இந்தப் பாதையைப் போட்டவர் யார்? நீரின் விளிம்பை விட்டு விலகாமல், வண்டி போகும் அகலத்தில், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவுக்கு ஒருவர் பாதை அமைத்தாரென்றால் அவருக்கு ஏதோ ஒரு பெருந்தேவை இருந்திருக்க வேண்டும் அல்லவா? அந்தத் தேவை சைக்கிள் யாத்திரை அன்று. சைக்கிள் என்ற ஒன்று உலகில் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இக்கரையில் ஆளும் குதிரையும் நடந்து நடந்து தடம் பதித்திருந்தார்கள்.

டான்யூப் நதி ஜெர்மனியின் தென்மேற்கிலுள்ள கருங்காட்டு மலைகளில் தோன்றிக் கருங்கடலில் கலக்கிறது. நீளம் ஏறக்குறைய 2,850 கிலோமீட்டர். பத்து நாடுகளைத் தொட்டுச் செல்லும் இந்நதியின் கரையில் நட்டிருக்கும் தூரக்கற்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. கடல்முகத்தைத் தொடக்கமாகக் கொண்டு மேல்நோக்கி எண்ணப்பட்டவை அவை. பாசாவில் ஏறத்தாழ 2,225 என்று காட்டும் எண், வியன்னாவில் 1,929 ஆகக் குறைந்துவிடும். கடல் இன்னும் எவ்வளவு தொலைவு என்பதைப் பிரயாணிக்கு அவை சொல்லிக்கொண்டே வருகின்றன.

இந்நதியில் கீழ்நோக்கிப் போவது எளிது. ஊல்ம் நகரத்துத் தச்சர்கள் தட்டையான மரப்படகுகளைக் கட்டி நீரில் விடுவார்கள். ஓட்டத்தோடு அவை போய்ச் சேரும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஹங்கேரியில் குடியேற நிலம் தேடிச் சென்ற ஜெர்மானியக் குடும்பங்கள் பல இப்படகுகளிலேயே சென்றன. போய்ச் சேர்ந்ததும் படகைப் பிரித்துப் பலகையை விற்றுவிடுவது வழக்கம். எதிர்நீரில் அதை மீட்டுக் கொணர்வதைவிட உடைத்து விற்பதே ஆதாயம் என்றால், மேல்நோக்கிய பயணம் எத்தகையதென்று ஊகித்துக் கொள்ளலாம்.

ஆயினும் தானியமும் திராட்சை மதுவும் மேல்நோக்கியும் வந்தாக வேண்டியிருந்தது. பல படகுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிணைத்து, தலைப்படகிலிருந்து தடித்த வடத்தைக் கரைக்கு எறிவார்கள். கரையில் நாற்பது, ஐம்பது, சில வேளை அறுபது குதிரைகள் அவ்வடத்தில் பூட்டப்பட்டு நிற்கும். முன்னே செல்லும் குதிரைக்காரன் நீண்ட கழியால் நீரின் ஆழத்தைப் பார்த்துக்கொண்டே போவான். பாறை குறுக்கிட்டு இக்கரையில் வழி அடைபட்டால் குதிரைகளையெல்லாம் படகேற்றி அக்கரைக்குக் கொண்டுபோய் மறுபடியும் பூட்ட வேண்டும். வடம் ஒரு பாறையில் சிக்கினாலும், வெள்ளம் படகுக் கூட்டத்தைத் திடீரென்று புரட்டினாலும், குதிரையும் ஆளும் சேர்ந்து நீரில் இழுக்கப்படுவர். இன்று சைக்கிள்காரர் ஏழெட்டு நாளில் கடக்கும் தொலைவை அவர்கள் எதிர்த்திசையில் வாரக்கணக்கில் கடந்தார்கள். அவர்கள் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. பாதை மட்டும் இருக்கிறது.

1829ஆம் ஆண்டில் டான்யூப் நீராவிக் கப்பல் கம்பெனி ஏற்பட்டது. அடுத்த ஆண்டே வியன்னாவுக்கும் ஹங்கேரியத் தலைநகருக்கும் இடையே கப்பல் ஓடிற்று. 1858இல் வியன்னாவிலிருந்து லின்ஸ் நகரம் வரை ரயில் வந்தது. குதிரைகளுக்கு வேலை போயிற்று. ஆனால், ஆற்றைக் கண்காணிக்கும் அதிகாரிகளுக்குக் கரைவழி தேவைப்பட்டதால் பாதையின் பெரும்பகுதி அழியாமல் பிழைத்தது. பின்னர் 1950களிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக அணைகளும் நீர்மின் நிலையங்களும் எழுந்தபோது, கரைகளை உயர்த்தி அவற்றின்மேல் செப்பனிட்ட வழிகளும் அமைத்தார்கள். 1980களில் ஆஸ்திரியர்கள் இத்துண்டுகளையெல்லாம் இணைத்து, திசை காட்டும் பலகைகளை நட்டு, சைக்கிள் பாதையாக்கினார்கள்.

இதில் சரித்திரத்தின் ஒரு குறும்பு ஒளிந்திருக்கிறது. சைக்கிளின் முன்னோடியும் நடு ஐரோப்பாவில் ஓர் ஆற்றங்கரை நகரத்தில் பிறந்ததுதான். நெக்கார் நதி ரைன் நதியோடு கூடும் மான்ஹைம் நகரத்தில், 1817ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள், கார்ல் டிரைஸ் என்ற வன அதிகாரி இரண்டு சக்கரம் கொண்ட மரவண்டி ஒன்றில் ஏறி, காலால் தரையை உந்தி உந்தி ஓட்டிச் சென்றார். அதில் மிதிகட்டை இல்லை, சங்கிலியும் இல்லை. 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததால் மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லாமல் விளைச்சல் பொய்த்தது. குதிரைக்குத் தீனி அரிதானதே டிரைஸ் இவ்வண்டியை எண்ணக் காரணம் என்று ஆசிரியர் சிலர் கருதுவர். அது எவ்வாறாயினும், குதிரை இல்லாமல் மனிதன் விரைந்து செல்ல வேண்டும் என்பதே அவர் நோக்கம். குதிரை ஒழிந்துபோன ஆற்றுப்பாதைக்கு அவ்வண்டியின் வழித்தோன்றல் வந்து சேர ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

இனிப் பாதையோடு சிறிது தூரம் போவோம். பாசாவில் மூன்று நதிகள் கூடுகின்றன. தெற்கே ஆல்ப்ஸ் மலையிலிருந்து வரும் இன் நதி பச்சையாகவும், வடக்கிலிருந்து வரும் இல்ஸ் நதி கருமையாகவும் தோன்றும். டான்யூபைவிட இன் நதி கொணரும் நீரே சராசரியாக அதிகம்; இருந்தும் பெயர் என்னவோ டான்யூபுக்குத்தான் நிலைத்தது! இங்குள்ள நகர மண்டபச் சுவரில் வெள்ளம் ஏறிய உயரங்களைக் குறித்திருக்கிறார்கள். 2013ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நீர்மட்டம் 12.89 மீட்டரைத் தொட்டது. 1501ஆம் ஆண்டுக்குப் பின் அத்தகைய வெள்ளம் அந்நகரம் கண்டதில்லை.

லின்ஸ் நகரத்தைக் கடந்து சிறிது தூரம் போனால் மவுத்தவுசன் என்ற சிற்றூர் வருகிறது. கரையோரத்தில் வரிசையாக வர்ணம் பூசிய அழகிய வீடுகள். ஊரின் பெயரிலேயே சுங்கம் என்னும் பொருள்படும் ஜெர்மன் சொல் இருக்கிறது. ஆற்றில் போன படகுகள் இங்கே நின்று சுங்கம் செலுத்திப் போயின. மலையிலே நல்ல கருங்கல் உண்டு. வியன்னாவின் தெருக்களில் பாவிய கற்கள் இங்கிருந்து சென்றவை.

அந்தக் கல்லே இவ்வூருக்குக் கேடாக முடிந்தது. 1938ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஹிட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் கல்வெட்டாங்குழிக்கு அருகில் கைதிமுகாம் ஒன்று தொடங்கப்பட்டது. கைதிகள் தாமே தம் சிறையின் மதிலைக் கட்டினார்கள். குழியிலிருந்து மேலேறும் 186 படிகளில் பெருங்கற்களை முதுகில் சுமந்து ஏற வேண்டும். ஒருவன் சரிந்தால் பின்னால் வருகிறவர்களும் சேர்ந்து சரிவார்கள். ஸ்பெயின் நாட்டுக் குடியரசு வீரர், போலந்து நாட்டவர், சோவியத் போர்க்கைதிகள், யூதர் எனப் பல தேசத்தாரும் இனத்தாரும் அங்கே அடைபட்டிருந்தனர். மவுத்தவுசனிலும் அதன் கிளை முகாம்களிலும் ஏறக்குறைய 1,90,000 பேர் சிறைப்பட்டனர். அவர்களில் 90,000 பேராவது மாண்டனர். 1945ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் அமெரிக்கப் படை வந்து எஞ்சியவர்களை மீட்டது. ரயிலிலிருந்து இறக்கப்பட்ட கைதிகள் இவ்வூரின் தெரு வழியாகத்தான் மலைமேல் நடத்திச் செல்லப்பட்டார்கள்.

1949 முதல் அம்முகாம் நினைவிடமாக இருக்கிறது. சைக்கிள் பாதை அதனருகே போவதில்லை. அது எப்போதும்போல நீரோரமாகவே போகிறது. பார்க்க விரும்புகிறவர் ஆற்றைவிட்டுத் திரும்பிச் செங்குத்தான சாலையில் மலையேற வேண்டும். வண்டி மிதிப்பது கடினம். பலர் இறங்கித் தள்ளிக்கொண்டே போக வேண்டியிருக்கும். சமமான பாதையைத் தேடி வந்தவர்களுக்கு அந்த ஏற்றம் ஒரு தொல்லையே. ஏறாமலே போகிறவர்களும் உண்டு. அவர்கள் சாப்பிட்டு இளைப்பாறிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால், இந்நதியின் சரித்திரத்தைப் படிக்கிறவன் அந்த ஏற்றத்தை விட்டுவிட்டுப் படித்தேன் என்று சொல்வதற்கில்லை.

அடுத்து வரும் கிரைன் என்னும் ஊருக்கருகே ஆறு குறுகிப் பாறைகளிடையே சுழித்தோடியது. படகோட்டிகள் இவ்விடத்தைப் பெரிதும் அஞ்சினர். மரியா தெரேசா சக்கரவர்த்தினியின் காலத்தில் பாறைகளை வெடிவைத்துப் பிளக்கத் தொடங்கினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அவ்வேலை தொடர்ந்தது. 1959இல் முடிவுற்ற இப்ஸ் பெர்சன்பொய்க் அணை நீரைத் தேக்கிய பிறகு ஆறு இங்கே ஏரிபோல் அமைதியாகிவிட்டது. கிரைனில் 1791இல் அமைந்த சிறு நாடகசாலை ஒன்று இன்றும் இருக்கிறது. அதன் இருக்கைகளைப் பூட்டிச் சாவியை வீட்டுக்கு எடுத்துப் போகலாமாம்! இடம் பிடிக்கும் ஆசை எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலும்.

பிறகு மெல்க் நகரத்தின் பெரிய மடாலயமும், வாஹாவ் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களும் வருகின்றன. அவற்றினிடையே வில்லெண்டார்ப் என்ற சிற்றூரில், 1908ஆம் ஆண்டு ரயில்பாதை வேலையின்போது, சுமார் 30,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட பெண்ணுருவச் சிலை ஒன்று கிடைத்தது. உயரம் 11 சென்டிமீட்டர், உள்ளங்கையில் அடங்கிவிடும். டூர்ன்ஸ்டைன் குன்றின் மேலுள்ள பாழடைந்த கோட்டையிலேதான் 1192ஆம் ஆண்டின் இறுதியில் பிடிபட்ட இங்கிலாந்து மன்னன் ரிச்சர்டைச் சிறைவைத்தார்கள். மாற்றான் நாட்டு வழியே மாறுவேடத்தில் போன அரசன் அவன்.

ஏனெனில் டான்யூப் வணிகர்க்கு வழியாக இருந்தது போலவே அரசர்க்கு வேலியாகவும் இருந்தது. ரோமாபுரிச் சாம்ராஜ்யத்தின் வட எல்லை இந்நதியே. வியன்னாவுக்குக் கிழக்கே கார்ணுண்டம் என்ற ரோமானியப் படைநகரத்தின் இடிபாடுகளைக் காணலாம். மார்க்கஸ் அரேலியஸ் சக்கரவர்த்தி அங்கே பாசறை அமைத்து வடகரை மக்களோடு போர் புரிந்தார். இருபதாம் நூற்றாண்டில் வேலி இன்னும் கொடியதாயிற்று. கார்ணுண்டத்தைக் கடந்து ஹைன்பர்க் நகரத்துக்கு அப்பால் மொராவா நதி வந்து டான்யூபில் கலக்கிறது. மேற்கே ஆஸ்திரியா, கிழக்கே அந்நாளைய செக்கோஸ்லோவாக்கியா. கீழ்க்கரையில் முள்வேலியும் காவற்கோபுரங்களும் எழுந்தன. நீந்திக் கடக்க முயன்றவர்கள் சுடப்பட்டனர். கூடல்துறைக்கு மேலே நிற்கும் டெவின் கோட்டையிலிருந்து பார்த்தால் அக்கரை கூப்பிடு தூரம்தான். போவதற்கு மட்டும் வழியில்லை.

1989ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் பிராட்டிஸ்லாவா நகர மக்கள் பல்லாயிரவராகத் திரண்டு எல்லையைக் கால்நடையாகக் கடந்து ஹைன்பர்க் நகருக்குச் சென்றார்கள். முள்வேலி அறுக்கப்பட்டது. அறுபட்ட கம்பியிலிருந்து அவர்கள் துண்டு துண்டாக வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

2012இல் மொராவா நதியின்மேல் ஒரு பாலம் கட்டி முடித்தார்கள். என்ன பெயர் வைக்கலாமென்று மக்களிடம் வாக்குக் கேட்டபோது அமெரிக்கச் சண்டைப்பட நடிகர் ஒருவரின் பெயருக்கே மிகுதியான வாக்குகள் விழுந்தன! மாநில சபையார் அதை ஏற்காமல், அந்நீரைக் கடக்க முயன்று மாண்டவர்களை நினைந்து, விடுதலைப் பாலம் என்று பெயரிட்டார்கள். அதன்மேல் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. நடந்து வருகிறவர்களும் சைக்கிளில் வருகிறவர்களுமே அதைக் கடக்கிறார்கள்.